கோயில் மரத்துக் கள்ளப்பருந்து

கலைமணியை நல்லவர் என்று புதுச்சத்திரத்தில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. அப்படிச் சொல்லவைக்க அவரும் முயன்றதில்லை. சேலம்–நாமக்கல் நெடுஞ்சாலையை ஒட்டிய சர்வீஸ் ரோட்டில் பஞ்சர் கடை வைத்திருக்கிறார். கணவர் இறந்த பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் கடையைத் திறந்து கம்ப்ரஸரை ஓட்டியவர். அன்றைக்கே ஊர் அவரைப் பற்றி ஒரு முடிவுக்கு வந்துவிட்டது. லாரி டயரைத் தனியாக உருட்டுவார், கடப்பாரையால் நெம்பிக் கழற்றுவார், பேச்சில் யாருக்கும் சலுகை தரமாட்டார். வயது நாற்பத்தாறு. ஒரே மகள் சௌந்தர்யா சேலம் அஸ்தம்பட்டியில் ஒரு கிளினிக்கில் நர்ஸ்.

கடைக்குப் பக்கத்தில் மாரியம்மன் கோயில். கோயில் இடத்தின் ஈசானி மூலையில் ஒரு பெரிய தூங்குமூஞ்சி மரம். போன தை மாதம் அந்த மரத்தின் உச்சிக் கவட்டையில் ஒரு ஜோடிப் பருந்து கூடு கட்டத் தொடங்கியது. பழுப்பு நிறம், கவை விழுந்த வால், தெருவெல்லாம் பார்க்கிற கள்ளப்பருந்துதான். நாமக்கல் பக்கம் கோழிப்பண்ணைகள் அதிகம். செத்த கோழிகளைக் கொட்டும் குழிகளைச் சுற்றி இவை எப்போதும் வட்டமிடும். வீட்டில் நாட்டுக்கோழி வளர்ப்பவர்களுக்கு இவற்றைக் கண்டாலே ஆகாது. கலைமணியும் இரண்டு கோழிக்குஞ்சுகளைப் பறிகொடுத்து, கல்லெடுத்து வீசியவர்தான்.

அவர் கூட்டைக் கவனிக்கத் தொடங்கியது அன்பினால் அல்ல. ஒரு காலையில் வெட்டிப்போட்ட டியூப் துண்டொன்றைப் பருந்து தூக்கிக்கொண்டு போனது. அது எதற்கு என்று அண்ணாந்து பார்த்தார். கூட்டில் குச்சிகளோடு கிழிந்த பனியன், சாக்குக் கயிறு, பாலிதீன் பை எல்லாம் தொங்கின. நடுவில் அவருடைய டியூப். "ஊடு கட்ட என் கடைச் சாமானா" என்று திட்டினார். மறுநாள் இன்னொரு துண்டை வெட்டி அவரே வெளியில் போட்டார். ஏன் போட்டீர்கள் என்று கேட்டதற்கு, "குப்பை, போட்டேன்" என்றார்.

பஞ்சர் கடை வேலையில் காத்திருக்கும் நேரம் நிறைய. ஒட்டுப் போட்ட இடம் சூட்டில் வெந்து பிடிக்கும்வரை வேறு வேலை இல்லை. அந்த நேரமெல்லாம் பழைய டயர் ஒன்றின் மேல் உட்கார்ந்து கூட்டைப் பார்த்தார். மாசியில் மரம் இலையை உதிர்த்ததும் கூடு திறந்த தட்டுபோலத் தெரிந்தது. இரண்டு குஞ்சுகள். ஆண் இரை கொண்டுவரும், எலி, ஓணான், பண்ணைக் குழியிலிருந்து ஒரு கோழிக்கால். கூட்டின் விளிம்பில் வைத்துவிட்டு உடனே போய்விடும். பெண் அதைக் காலால் அமுக்கி, நூல் நூலாகக் கிழித்து, அலகை அலகோடு வைத்து ஊட்டும். பெரிய குஞ்சு சின்னதைக் கொத்தித் தள்ளும். தாய் அதைத் தடுப்பதில்லை. பெரியது வயிறு நிறைந்து தலையைத் தொங்கவிட்ட பிறகே சின்னதுக்கு முறை வரும். இதைப் பார்த்து கலைமணிக்குக் கோபம் வந்திருக்கிறது. "அந்தப் பொட்டைக்கு நாயமே இல்லீங்க" என்றார். வெயில் ஏறினால் அதே தாய் இறக்கையைக் குடைபோல விரித்து, வாயைப் பிளந்துகொண்டு, பொழுது சாயும்வரை நிற்கும்.

பங்குனி பிறந்ததும் கோயில் கும்பாபிஷேகத்துக்கு நாள் குறித்தார்கள். சித்திரையில் முகூர்த்தம். ஈசானி மூலையில் யாகசாலை போட வேண்டும், அதற்கு மரத்தை எடுக்க வேண்டும் என்று கமிட்டி முடிவு செய்தது. கமிட்டித் தலைவர் குமரகுரு, கலைமணியின் கணவருக்கு அண்ணன் முறை. செய்தி கேட்ட அன்றே கலைமணி அவர் வீட்டு வாசலில் போய் நின்றார்.

"மரத்தை எடுங்க மாமா, வேண்டாங்கல. குஞ்சு பறந்த பொறவு எடுங்க. சித்திரைக்கு முன்னாடியே பறந்துரும்."

"எந்தக் குஞ்சு?"

"பருந்துக் குஞ்சுங்க."

குமரகுரு சிரித்துவிட்டார். கெட்ட மனிதர் அல்ல. ஊர்க் காரியத்துக்குத் தன் காரியத்தை விட்டுவிட்டு அலைபவர். "அம்மிணி, பந்தல்காரன் தேதி கேக்கறான். அய்யரு ஈசானி மூலையைச் சுத்தம் பண்ணச் சொல்லிட்டாரு. கோழிக்குஞ்சு தூக்கற களவாணிக்காக ஆத்தா காரியத்தைத் தள்ளிப் போடச் சொல்றயா?"

"ஜாக்கி மேல நிக்கற வண்டியை யாராச்சும் தள்ளுவாங்களா மாமா? அது வீலைக் கழட்டிட்டு நிக்குது. மாட்டிட்டுப் போகட்டும்."

"உன் கடைப் பேச்சை உன் கடையில வெச்சுக்க சாமி" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

இதைக் கேட்ட அன்பரசு, அதே ஊர் லாரி டிரைவர், தானாக ஒரு காரியம் செய்தான். பூலாம்பட்டி ஆற்றோரத்தில் எப்போதோ எடுத்த கருடன் படம் அவன் போனில் இருந்தது. செம்பட்டை உடம்பு, வெள்ளைக் கழுத்து. அதை ஊர் வாட்ஸப் குழுவில் போட்டு, "நம்ம ஆத்தா கோயில் மரத்தில் கருடன் கூடு. கும்பாபிஷேகம் தெரிந்தே வந்திருக்கிறது" என்று எழுதிவிட்டான். கோபுரக் கலசத்தில் நீர் ஊற்றும் நேரத்தில் வானில் கருடன் வட்டமிட வேண்டும் என்று மணிக்கணக்கில் அண்ணாந்து நிற்பவர்கள் நம் ஜனங்கள். அந்தக் கருடன் நம் மரத்திலேயே குடியிருக்கிறது என்றால் கேட்கவா வேண்டும்? சாயந்திரத்துக்குள் மரத்தடியில் கூட்டம். அடிமரத்துக்கு மஞ்சள் பூசிச் சிவப்புத் துணி கட்டினார்கள். குமரகுரு செருப்பைக் கழற்றிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். மரம் வெட்டப்படாது, யாகசாலை மேற்கே போகும், மரத்தைச் சுற்றி மேடை கட்டப்படும் என்று அங்கேயே அறிவிப்பும் வந்தது.

"எப்பிடிக்கா நம்ம வேலை?" என்றான் அன்பரசு.

கலைமணி மேலே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் பம்பை வந்தது, அதிர்வேட்டு வந்தது, குடம் குடமாகப் பால் வந்தது. பருந்துகள் மரத்துக்கு மேலே வட்டமிட்டன, இறங்கவில்லை. ஆண் இரையோடு வந்து, வெடிச் சத்தத்தில் அதை ரோட்டில் போட்டுவிட்டுப் போனது. பங்குனி வெயிலில் இலையில்லாத மரத்தில் நிழல் கொடுக்கத் தாய் இல்லை. குஞ்சுகள் வாயைப் பிளந்து கிடந்தன. கீழே நின்ற யாரும் இதைப் பார்க்கவில்லை. கும்பிட்டவர்களின் கண் போனில் இருந்த படத்தில் இருந்தது, அல்லது மூடியிருந்தது. வெறுத்தபோது அந்தப் பறவையைப் பார்க்காதவர்கள், வணங்கியபோதும் பார்க்கவில்லை.

அடுத்த நாள் காலை கூட்டில் ஒரு தலைதான் தெரிந்தது. சின்னது எழவில்லை.

"இதை நிறுத்தோணும்" என்றார் கலைமணி.

"அக்கா, கொஞ்சம் பொறு. மரம் நிக்குதில்ல? அது போதாதா?"

"மரத்தை வெச்சு நான் என்னடா பண்றது? ஊஞ்சல் கட்டி ஆடவா?"

"நிசத்தைச் சொன்னீன்னா நாளைக்கே மரம் அறுக்கற மெஷினு வந்துரும். அவங்க நெனைக்கறதை நெனைச்சுட்டுப் போகட்டும். சத்தத்தை மட்டும் கொறைக்கச் சொல்லலாம்."

"கருடனுக்கு மேளம் அடிக்காதீங்கன்னா கேப்பாங்களா? நீ கேப்பயா?"

அவன் யோசித்துப் பார்த்து, "கேக்க மாட்டேன்" என்றான்.

அவர் கூட்டத்துக்குள் போனார். பம்பைக்காரரின் கோலைப் பிடித்து நிறுத்தினார்.

"இது கருடன் இல்லீங்க. கள்ளப்பருந்து. உங்க கோழியைத் தூக்குதில்ல, அதேதான். அந்தப் படம் பூலாம்பட்டியில எடுத்தது. மேல பாருங்க எல்லாரும்."

எல்லோரும் அப்போதுதான் மேலே பார்த்தார்கள். தாய்ப்பருந்து தாழ வந்து திரும்பியது. "கழுத்துல வெள்ளையைக் காணமே" என்றார் ஒருவர். "வாலு கவைக்குச்சியாட்டம் இருக்குது" என்றார் இன்னொருவர். பால்குடத்தோடு நின்ற ஒரு பெண், "கருமம், இதுக்கா மூணு லிட்டரு?" என்று குடத்தைத் தூக்கிக்கொண்டு நடந்தார். யாரோ சிரித்தார்கள். சிரிப்பு சீக்கிரம் கோபமானது. கோபம் படம் போட்டவனைவிட உண்மை சொன்னவர்மேல்தான் அதிகமாக விழுந்தது. பொழுது உச்சிக்கு வருமுன் மரத்தடி காலி. தாய் இறங்கிவந்து இறக்கையை விரித்தது.

மறுநாளே குமரகுரு வந்தார். அவமானப்பட்ட மனிதரின் முகம். "நீயும் அவனும் சேந்துதான் ஊரை ஏமாத்தினீங்களா?"

"அவன் ஏமாத்தினான். நான் ஒரு நாள் சும்மா இருந்தேன்."

"இனி எம்முடிவும் வேண்டாம், உம்முடிவும் வேண்டாம். ஆத்தாகிட்டப் பூக் கேட்டுரலாம். சொல்றதைக் கேக்கறயா?"

"கேக்கறேனுங்க" என்றார் கலைமணி. யோசிக்காமல் சொன்ன வார்த்தை அது.

பூக் கேட்பது இந்தப் பக்கத்து வழக்கம். வெள்ளை அரளி ஒன்றையும் செவ்வரளி ஒன்றையும் தனித்தனியே இலையில் மடித்து அம்மன் காலடியில் வைப்பார்கள். எந்தப் பூ வந்தால் என்ன அர்த்தம் என்பதை முன்பே சொல்லிவிடுவார்கள். ஒரு குழந்தை ஒரு பொட்டலத்தை எடுக்கும். நிலத் தகராறு, கல்யாணம், கிணற்றுக்கு இடம் எல்லாம் அப்படித் தீர்ந்திருக்கிறது. வெள்ளை வந்தால் குஞ்சு பறக்கும்வரை பொறுப்பது, சிவப்பு வந்தால் உடனே வெட்டுவது என்று பேச்சு. பூசாரி வீட்டுக் குழந்தை குனிந்து ஒன்றை எடுத்துக் கொடுத்தது. பூசாரி பிரித்தார். சிவப்பு.

சூது எதுவும் நடக்கவில்லை. கலைமணியும் அப்படிச் சொல்லவில்லை. அவர் அந்தப் பூவைப் பார்த்தார்.

"நான் ஒத்துக்க மாட்டேனுங்க."

குமரகுரு மெதுவாகக் கேட்டார். "கேக்கறேன்னு சொல்லிட்டுத்தான வந்தே?"

"சொன்னேனுங்க."

"இப்ப ஆத்தா வாக்கையே மீறறயா?"

"உசுரோட ஒண்ணு மேல கெடக்குது. அதைக் கீழ ரண்டு பூவுல வெச்சுப் பாக்கச் சம்மதிச்சேன் பாருங்க, அதுதான் என் தப்பு. வெள்ளை வந்திருந்தாலும் தப்புத்தான். வெட்டோணும்னு ஆத்தா சொன்னா ஆத்தாளே வந்து வெட்டட்டும். மெஷினுக்கு எண்ணெய் நான் ஊத்தறேன். வேற யாரு வந்தாலும் நான் அக்கட்டால நகர மாட்டேன்."

கலைமணி அன்று வாக்குத் தவறினார். அதை அழகாக்கிச் சொல்ல வழியில்லை. வெள்ளை வந்திருந்தால் அவர் இதே சொற்களைச் சொல்லியிருப்பாரா என்ற சந்தேகமும் நியாயமானது. ஆனால் தோற்ற பிறகு ஆட்டத்தின் விதியைக் குறைசொல்பவர்கள் பெரும்பாலும் தங்களுக்காகத்தான் சொல்வார்கள். அவருக்கு இதில் கிடைக்க ஒன்றும் இல்லை, இழக்க ஊர் முழுக்க இருந்தது.

கடைக்குத் திரும்பியவர் கம்ப்ரஸரின் ஹோஸை நீட்டி மரத்தடிவரை இழுத்தார். பழைய டயர்களை உருட்டிக்கொண்டுபோய் அடிமரத்தைச் சுற்றி அடுக்கினார். அன்பரசு தன் லாரியைக் கொண்டுவந்து கிளைகளுக்கு நேர் கீழே நிறுத்தினான்.

"எதுக்குடா இங்க நிறுத்தறே?"

"பின் வீலு ரெண்டும் கழட்டுக்கா. ஜாக்கியில நிக்கட்டும்."

"பஞ்சரா?"

"இல்ல. பாவத்தைக் கழிக்கறேன்."

"உன்ற பாவத்துக்கு ரெண்டு வீலு பத்தாது" என்று சொல்லி, பின்பக்கத்து நான்கு டயரையும் கழற்றினார்.

மரம் அறுக்கும் சென்னியப்பன் மெஷினோடு வந்தார். மரத்தைச் சுற்றி நடந்தார். பின் சக்கரமில்லாத லாரியைப் பார்த்தார். "கெளை இவன் வண்டி மேல உழுந்தா நான்தான பதில் சொல்லோணும்? வண்டியை எடுக்கச் சொல்லுங்க, வாரேன்" என்று குமரகுருவிடம் சொல்லிவிட்டுப் போனார். அன்பரசு லோடுக்குக் கிளம்ப வேண்டி வந்தபோது, அவன் சக்கரம் மாட்டுவதற்கு முன்பே பக்கத்தில் இன்னொரு லாரி ஜாக்கியில் ஏறியிருந்தது. அதன் டிரைவருக்குப் பருந்தும் தெரியாது, அம்மனும் தெரியாது. நிழலில்லாத மரத்தடியில் ஏன் வேலை செய்கிறார்கள் என்று மட்டும் கேட்டான். "இங்கதான் கடை" என்றார் கலைமணி.

போலீசில் சொல்லலாம் என்று கமிட்டியில் சிலர் பேசினார்கள். நல்ல காரியத்துக்கு முன் ஸ்டேஷன் படி ஏற வேண்டாம் என்று குமரகுரு மறுத்தார். யாகசாலைப் பந்தல் மேற்குப் பக்கம் எழுந்தது. முன்பு கருடனுக்காக நகர்ந்த அதே இடத்துக்கு, இப்போது பிடிவாதத்துக்காக நகர்ந்தது. ஆனால் கும்பாபிஷேகத்துக்குத் தலைக்கட்டு வரி வாங்க வந்தவர்கள் கலைமணியின் வீட்டைத் தாண்டி அடுத்த வாசலுக்குப் போனார்கள். வரி வாங்காவிட்டால் அந்த வீடு ஊர்க்கணக்கில் இல்லை என்று அர்த்தம். சௌந்தர்யா போனில் அழுதாள். "எனக்கு மாப்ள பாக்கறப்ப என்னம்மா சொல்லுவாங்க?" கலைமணி, "பெத்தவளுக்கு ஆங்காரம்னு சொல்லுவாங்க. பொய்யில்லையே" என்றார். அன்றிரவு அவர் சாப்பிடவில்லை என்று பக்கத்துக் கடைக்காரர் சொல்கிறார். கலைமணி அதை மறுக்கிறார்.

மிஞ்சிய குஞ்சு முதலில் கூட்டின் விளிம்புக்கு வந்தது. பிறகு கிளையில் நடந்தது. காற்று வீசும்போதெல்லாம் இறக்கையை அடித்து, ஒரு சாண் எழும்பி, பயந்ததுபோல் கிளையை இறுகப் பற்றியது. பெற்றவை இப்போது இரையைக் கூட்டில் வைக்கவில்லை, எதிர்க் கிளையில் வைத்துவிட்டுக் கத்தின. ஒரு முற்பகலில் கலைமணி டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கிக் குமிழி தேடிக்கொண்டிருந்தபோது அது கிளையிலிருந்து விழுந்தது. பறந்தது என்று சொல்ல முடியாது. விழுந்து, பாதியில் இறக்கையை நினைத்துக்கொண்டு, ரோட்டின் மேல் ஒரு பஸ்ஸைத் தாண்டித் எதிரே இருந்த தண்ணீர் டேங்கின் கைப்பிடிக் கம்பியில் போய் முட்டி உட்கார்ந்தது. கலைமணி டியூபை விடாமல் நிமிர்ந்து பார்த்தார். "ம்" என்றார். சில நாள் அது அங்கும் மரத்துக்குமாகப் போய்வந்தது. பிறகு கூட்டுக்குத் திரும்பவில்லை.

அது உறுதியான அன்றே டயர்களை அவர் கடைக்குள் உருட்டிவிட்டார். குமரகுருவிடம் நேரில் போய், "மரம் இனி உங்களுதுங்க" என்றார். கோபுரத்து மேல் நிழல் விழக்கூடாது என்று மரத்தை எடுத்தார்கள். மெஷின் ஓடியபோது அவர் தலை நிமிரவில்லை.

கும்பாபிஷேகத்துக்கு முந்தின நாள் குமரகுரு கடைக்கு வந்தார். டயரின் மேல் உட்கார்ந்தார், அந்தக் கடையில் அவர் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

"எல்லாம் முடிஞ்சுது. மரமும் போச்சு, குஞ்சும் போச்சு. கமிட்டியில பேசிட்டேன் அம்மிணி. சன்னதியில வந்து 'தெரியாம செஞ்சுட்டேன், பொறுத்துக்க ஆத்தா'ன்னு ஒரு வார்த்தை. வரியை வாங்கிக்கறோம். நாளைக்கு எல்லாரோடயும் நீயும் தீர்த்தக்குடம் எடுக்கலாம். உம்புள்ளைக்காகவாச்சும் சொல்லு."

அவர் உண்மையாகவே இறங்கி வந்திருந்தார். கலைமணிக்கும் அது தெரிந்தது. கையைத் துடைத்துக்கொண்டார்.

"உங்க மனசு தெரியுதுங்க மாமா. ஆனா நான் தெரிஞ்சுதான செஞ்சேன்? தெரியாமச் செஞ்சேன்னு ஆத்தா முன்னாடி எப்பிடிப் பொய் சொல்றது?"

"ஒரு வார்த்தைதான அம்மிணி."

"ஒரு வார்த்தைதானுங்க. அடுத்த வருசம் வேற மரத்துல கூடு வெச்சாலும் இதேதான் செய்வேன். அதையும் சேத்துச் சொல்லட்டுங்களா?"

குமரகுரு எழுந்தார். கோபப்படவில்லை. "உன்னைத் திருத்த முடியாது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் ஊர் முழுக்கக் கோயிலில் இருந்தது. ஒலிபெருக்கியில் குடும்பம் குடும்பமாகப் பெயர் சொல்லி மரியாதைக்கு அழைத்தார்கள். கலைமணியின் வீட்டுப் பெயர் வரவில்லை. கலசத்தில் நீர் விழுந்த நேரத்தில் மேளமும் குரல்களும் சேர்ந்து எழுந்தன. சர்வீஸ் ரோட்டில் ஒரு லாரி சாய்ந்தபடி வந்து நின்றது. டிரைவர் இறங்கி, கோயில் பக்கம் ஒரு கும்பிடு போட்டுவிட்டு, இன்றைக்குக் கடை உண்டா என்று தயங்கிக் கேட்டார்.

"தொறந்துதான இருக்குது?" என்றார் கலைமணி, ஸ்பேனரை எடுத்தபடி. "எந்த வீலு?"